ஒரிஜினல் என்று சொன்னவள்

எங்கள் அச்சகத்தில் என் வேலை குறை கண்டுபிடிப்பது. சம்பளமே அதற்குத்தான். தீப்பெட்டி லேபிளைக் கம்ப்யூட்டரில் வரைவதும் நான், அச்சாகி வந்த தாளில் லென்ஸை வைத்துப் பார்ப்பதும் நான். சிவப்பு நிறம் மஞ்சளை விட்டு மயிரிழை விலகியிருந்தால் தாளின் குறுக்கே சிவப்புப் பென்சிலால் ‘தள்ளு’ என்று எழுதிவிடுவேன். கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட மாப்பிள்ளை யார் என்று படிப்பதற்கு முன்னால், பிள்ளையாரின் தும்பிக்கையில் நிறம் வெளியே வழிந்திருக்கிறதா என்றுதான் என் கண் போகும்.

அதனால், முதலாளிக்கு இத்தாலிக் கம்பெனியின் கார்பன் சைக்கிள் ஃபிரேம் வந்த அன்று அவர் முதலில் கூப்பிட்டது என்னைத்தான்.

முதலாளி என்றால் தீப்பெட்டி ஆபீஸுக்கும் அதை ஒட்டிய அச்சகத்துக்கும் சொந்தக்காரர். ஐம்பது வயதில் சர்க்கரை வந்து, நடக்கச் சொன்ன டாக்டரிடம், “நடந்தா தூக்கம் வருது” என்று சொல்லி சைக்கிளில் ஏறியவர். நான் அவருக்கு முன்பிருந்தே கியர் சைக்கிள் ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கழுகுமலை ரோட்டில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டு, பிறகு சேர்ந்தே போக ஆரம்பித்தோம். ஆபீஸில் அவர் எனக்கு முதலாளி. சைக்கிளில் ஏறிவிட்டால் அண்ணாச்சி. இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, தானாக அமைந்தது.

அட்டைப்பெட்டியை மேஜை மேல் வைத்துப் பிரித்தோம். உள்ளே நுரைத்தாளுக்கு நடுவே கருநீலத்தில் ஒரு வஸ்து. மேல் குழாயில் கம்பெனியின் பெயர் தங்க எழுத்தில் ஓடியது.

“டூப்ளிகேட் நெறைய வருதாம்லா. நீ பாத்துச் சொல்லும்மா” என்றார்.

நான் லென்ஸை எடுத்தேன். தங்க எழுத்தின் ஒவ்வொரு வளைவையும் பார்த்தேன். விளிம்பு கத்தி போல இருந்தது. மேலே பூசிய வார்னிஷில் ஒரு குமிழி கிடையாது. இப்படி ஒரு அச்சு எங்கள் மெஷினில் வந்தால் நான் அன்று விடுமுறை எடுத்துக்கொண்டு சினிமாவுக்குப் போவேன். “ஒரிஜினல் முதலாளி, சந்தேகமே இல்ல” என்று சொன்னேன். ஆபீஸ் முழுவதும் கை தட்டியது. எனக்கே பரிசு கிடைத்த மாதிரி பூரிப்பு.

பூரிப்பில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஃபிரேமைத் திருப்பினபோது அடியில், பெடல் அச்சு உட்காரும் இடத்தில், எறும்பு மாதிரி இரண்டு வரி தெரிந்தது. முதல் வரி, இத்தாலியில் வடிவமைக்கப்பட்டது. இரண்டாவது வரி, சீனாவில் தயாரிக்கப்பட்டது. நான் சத்தமாகப் படித்துவிட்டேன்.

முதலாளியின் முகம் ஒரு நிமிடம் சுண்டிப்போனது. பிறகு சமாளித்துக்கொண்டார். “அது அப்படித்தான். ஆனா அங்கன சும்மா செய்யுதவன் வேற, இத்தாலிக்காரனுக்குச் செய்யுதவன் வேற.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். ஏனென்றால் எங்கள் ஆபீஸில் ஒரே கொட்டகை, ஒரே மருந்து, ஒரே குச்சி. காலையில் மயில் படம் போட்ட பெட்டிக்குள் போகும், மத்தியானம் மாம்பழம் போட்ட பெட்டிக்குள் போகும். வடக்கேயிருந்து வந்த ஒரு வியாபாரி, மயில் பெட்டிதான் காற்றில் அணையாமல் நின்று எரிகிறது, மாம்பழம் சரியில்லை என்று அடித்துச் சொன்னார். முதலாளி கொஞ்சமும் கண் சிமிட்டாமல், “அது ஸ்பெஷல் மருந்து” என்று தலையாட்டினார். அந்த மயிலுக்குத் தோகை வரைந்தவள் நான். நாட்டில் லேபிளை நம்பக் கூடாத ஒரே ஊர் இருக்கிறது என்றால் அது எங்கள் ஊர்தான். ஆனால் அவரே நம்பினார். லென்ஸ் வைத்துப் பார்த்த நானும் நம்பினேன்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு குறுகுறுப்பு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு கார்பன் ஃபிரேம் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடித் தேடிப் பார்த்தேன். பெரிய எந்திரம் ஒன்று மடமடவென்று துப்பும் என்றுதான் நினைத்திருந்தேன். வீடியோவைத் திறந்தால் வரிசையாகப் பெண்கள். கருந்துணி போல இருக்கும் கார்பன் தாளைக் கத்தரித்து, துண்டு துண்டாக, எந்தத் துண்டு எந்தச் சாய்வில் வர வேண்டும் என்று பார்த்து, கையால் அமுக்கி ஒட்டுகிறார்கள். அச்சுக்குள் வைத்து வேகவைப்பது அதற்குப் பிறகுதான். விரல் போகிற வேகத்தைப் பார்த்தேன். எங்கள் ஆபீஸில் பெட்டி ஒட்டுகிற பெண்களின் விரல் அது. சாப்பாட்டை மறந்து பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எக்கா, இது நம்ம பிள்ளைகள்லா” என்றாள் அவளும்.

இன்னொன்றும் தெரிந்தது. சீனாவில் கடலோரமாக ஒரு ஊர். அங்கேயும் பக்கத்துத் தைவானிலும் இருக்கிற தொழிற்சாலைகளில்தான் உலகத்தின் பாதிப் பேர் பறக்கிற ஃபிரேம்கள் பிறக்கின்றன. பெயர் மட்டும் வேறு வேறு நாட்டில் ஒட்டிக்கொள்கிறது. பெயரே ஒட்டாமலும் சிலர் விற்கிறார்கள். இதைப் படித்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். லேபிள் வேலைக்காரிக்கு லேபிள் இல்லாத ஃபிரேம், இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? சீட்டுப் பணம் வந்ததும் ஆர்டர் போட்டுவிட்டேன்.

வந்தது. கருப்பு. ஒரு எழுத்துக்கூட இல்லை. ஒற்றை விரலில் தூக்கிக்கொண்டு பஜாரில் கடலை மிட்டாய்க் கடைக்குப் போய்த் தராசில் வைத்தேன். மறுதட்டில் இருந்த ஒரு கிலோ படிக்கல் அசையவே இல்லை, ஃபிரேம் மேலே நின்றது. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“எந்த ஊர்ச் சரக்கு?”

“சீனா அண்ணாச்சி.”

“பேரு ஊரு இல்லாம ஒரு பொருளா? நம்ம மிட்டாய்க்கு ஊர்ப் பேருதானம்மா உசிரு. ஊர்ப் பேர எடுத்துட்டா வெறும் கடலையும் வெல்லமுந்தான்.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். ஊர்ப் பெயரால் வாழ்கிற கடையின் தராசில், ஊர்ப் பெயரே இல்லாத ஒன்றை நிறுத்துக்கொண்டு நான் வாதம் பண்ணிக்கொண்டிருந்தேன். கால் கிலோ மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் மணியாச்சி ஜங்ஷனில் ரயில் பாதைப் பராமரிப்பில் இருக்கிறார். சுத்தியலும் கையுமாக இருக்கிற ஆள். அவர் ஃபிரேமைப் பார்த்துப் புருவத்தைக்கூடத் தூக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, குழாயின் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போனார். டிக், டிக், டிக். காதைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு இடம் விடாமல்.

“என்னங்க பண்ணுதீங்க?”

“தண்டவாளத்துல எந்த ஆலையில செஞ்சது, எந்த வருசம்னு எல்லாம் எழுதித்தான் இருக்கும். அதப் பாத்தா ரயில விடுதோம்? சத்தத்தக் கேக்கணும். உள்ள விரிசல் இருந்தா சத்தம் செத்துப்போகும்.” கழுத்தில் குழாய்கள் சேரும் இடத்துக்கு வந்ததும், “இங்கன கனம் கூட, சத்தம் வேறயாத்தான் இருக்கும். இடது பக்கமும் வலது பக்கமும் ஒண்ணு போல இருக்கான்னு பாக்கணும்” என்றார். கடைசியில் நாணயத்தைப் பைக்குள் போட்டார். “எங்கன செஞ்சதுன்னு எனக்கு வேண்டாம். எவன் பாத்து அனுப்புனான், அதச் சொல்லு.”

அதைத்தான் நான் காட்ட வைத்திருந்தேன். பெடல் அச்சு நுழையும் ஓட்டைக்குள் டார்ச் அடித்தேன். உள்ளே சுவரில் ஒரு சின்னக் காகிதச் சீட்டு, அதில் பேனாவால் எழுதின எண், பக்கத்தில் வட்டமாக ஒரு முத்திரை. யாரோ ஒருத்தி இதைக் கையில் எடுத்து, பார்த்து, போகலாம் என்று சொல்லியிருக்கிறாள். என்னை மாதிரி ஒருத்தி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் எந்த ஃபிரேம்களையெல்லாம் தள்ளியிருப்பாள், எந்த முதலாளியிடம் திட்டு வாங்கியிருப்பாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு கூடத்தில் நின்றேன்.

“ஏட்டி, சோத்தப் போடு” என்றார் அவர்.

பழைய சைக்கிளின் சக்கரமும் கியரும் மாட்டி அதில் ஏறிய முதல் ஞாயிற்றுக்கிழமையை எப்படிச் சொல்ல. பெடலை மிதித்த உடனே வண்டி முன்னால் போய் நின்றுகொண்டு, வருகிறாயா என்று கேட்டது. இரண்டு பக்கமும் கரிசல் காடு, கம்பும் பருத்தியும், எதிர்க்காற்று. எப்போதும் அந்தக் காற்றில் எனக்கு மூச்சு வாங்கும். அன்று பாடிக்கொண்டே போனேன். பின்னால் முதலாளி தங்க எழுத்தோடு வந்துகொண்டிருந்தார். “என்னம்மா, சீனா ஓடுதா?” என்று கத்தினார். “ரெண்டும் சீனாதான் அண்ணாச்சி” என்று நானும் கத்தினேன்.

ஐப்பசி மழை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை, அடுத்ததற்கு அவர் வரவில்லை. காய்ச்சல் என்றார். மழை விட்டதும் கன்னியாகுமரி போவதென்று முடிவு செய்தோம். நாலுவழிச் சாலையில் ஒரே மூச்சில், அவரும் நானும், சாயங்காலத்துக்குள் கடலைப் பார்த்துவிட வேண்டும். நான் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் லேபிளில் கடல் வரைந்து பார்த்தேன், மீன் இல்லாத கம்பெனிக்கு மீன் போட்டுவிட்டேன்.

அதற்கு முந்தின ஞாயிறு, கழுகுமலை டீக்கடை. டீ வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல் என் பவிசைக் காட்ட ஆரம்பித்தேன். ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து என் ஃபிரேமைத் தட்டினேன். கணீர் கணீர் என்று வந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எங்க, என் வண்டியத் தட்டு. இத்தாலிப் பாட்டுக் கேக்கும்” என்றார் அண்ணாச்சி, குஷியாக.

அடிக்குழாயில் ஆரம்பித்தேன். நல்ல சத்தம். சீட் பக்கம், நல்ல சத்தம். மேல் குழாயில் பின்னாலிருந்து முன்னால் வந்தேன். கழுத்துக்கு இன்னும் ஒரு சாண் இருக்கையில், தங்க எழுத்தின் அடியில், தொப் என்றது.

மறுபடி தட்டினேன். தொப். அதே இடத்துக்கு மறுபக்கம் தட்டினேன், டிக். திரும்ப இந்தப் பக்கம், தொப். அரிசி மூட்டையைத் தட்டின மாதிரி. குனிந்து பார்த்தேன். எழுத்தின் கால் முடிகிற இடத்தில் வார்னிஷில் ஒரு கோடு, முடியைவிட மெல்லிசாக. அதுவரைக்கும் அதை அச்சின் கோடு என்று நினைத்திருப்பேனோ என்னவோ.

“அண்ணாச்சி, வண்டி எங்கேயாவது விழுந்துச்சா?”

“காயின் சரியில்ல. வேற காயின் எடு.”

“விழுந்துச்சா இல்லையா?”

டீக்கிளாஸைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மழைக்குப் பிறகு, நான் வராத அந்த ஞாயிற்றுக்கிழமை, தனியாகப் போனவர் ரோட்டை விட்டுக் காட்டுப்பாதையில் இறங்கியிருக்கிறார். நனைந்த கரிசலில் மாட்டு வண்டியே இறங்காது. இவர் இறங்கியிருக்கிறார். மண் டயரில் அப்பி, ஃபோர்க்குக்குள் அடைத்து, முன்சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். ஹேண்டில்பார் சுற்றி வந்து மேல் குழாயில் இடித்திருக்கிறது. வீட்டில் தெரிந்தால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள் என்று காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார்.

“எனக்குத்தான் ரெண்டு நாள் தோள்பட்ட வலி. ஃபிரேமுக்கு ஒண்ணும் இல்ல. கழுவித் தொடச்சுப் பாத்தேன், எழுத்துகூட அழியல. நீதானம்மா ஒரிஜினல்னு சொன்ன?”

அந்தக் கேள்வி என்னை அறைந்தது. ஆமாம், நான்தான் சொன்னேன். லென்ஸை வைத்து, ஊர் கூடி நிற்க, கை தட்டல் வாங்கிக்கொண்டு சொன்னேன். இன்னும் ஏழு நாளில் இதே ஃபிரேமில் ஏறி, லாரிகளுக்கு நடுவே, பாலத்து இறக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு இவர் பறக்கப் போகிறார். நான் சொன்ன ஒரு வார்த்தையின் மேல் உட்கார்ந்துகொண்டு.

“நான் எழுத்தைத்தான் பாத்தேன் அண்ணாச்சி. ஃபிரேமைப் பாக்கல. இதுல இனிமே ஏறாதீங்க.”

“சீனாக்காரன் வண்டி வச்சிருக்கவ இத்தாலி வண்டியக் குறை சொல்லுதா, பாருங்கய்யா” என்று பெஞ்சைப் பார்த்துச் சிரித்தார். இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். அவர் எழுந்து ஹெல்மெட்டை மாட்டினார்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன், மறுநாள் காலை அவரிடம்தான் வேலைக்குப் போக வேண்டும். இடுப்புப் பையில் எப்போதும் கிடக்கிற சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்தத் தங்க எழுத்தின் மேல், ஆபீஸில் எழுதுகிற அதே பெரிய எழுத்தில், ‘தள்ளு’ என்று எழுதினேன்.

 டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

“யாரு வண்டியில எழுதுத?” சத்தம் தாழ்வாகத்தான் வந்தது. அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்தால் அப்படித்தான் பேசுவார். ஆபீஸில் நான் தள்ளின கட்டுகளைப் பார்த்து, “போகட்டும் விடும்மா, கடைக்காரன் லேபிளையா கொளுத்தப் போறான்” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுகிற மனிதர். “இது லேபிள் இல்ல, தெரியுதா?”

“லேபிளா இருந்தா போகட்டும்னு விட்டிருப்பேன் அண்ணாச்சி.”

அவர் வண்டியைத் தள்ளினார். நான் முன்னால் போய் ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது, அதைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை. “வேலைய விட்டு நிப்பாட்டணும்னா நாளைக்கு நிப்பாட்டுங்க. இன்னைக்கு இதுல ஏற விடமாட்டேன்” என்று சொன்னேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி போகிற பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

அவர் குனிந்து இரண்டு சக்கரத்தையும் கழற்றினார். கண்டக்டரிடம் கெஞ்சிக் கேட்டு, கடைசி சீட்டில் ஃபிரேமை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் நகர்ந்தபோது ஜன்னல் வழியாக என் பக்கம் கையை மட்டும் நீட்டினார். புரியாமல், விரலிடுக்கில் இன்னும் நாணயம் இருந்த கையை நீட்டினேன். என் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டார்.

நான் பின்னால் மிதித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக மிதித்தது கிடையாது. பயமும் சந்தோஷமும் ஒன்றாகக் கலந்திருந்தன. வேலை போய்விடும் என்று ஒரு பக்கம், ஆள் பஸ்ஸில் பத்திரமாகப் போகிறார் என்று ஒரு பக்கம். எனக்கு அடியில் பெயரில்லாத அந்தக் கருப்பு ஃபிரேம், யாரோ ஒருத்தி பார்த்து அனுப்பினது, ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஓடியது.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் அவர் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஃபிரேம் மடியிலேயே இருந்தது. நாணயத்தால் தட்டிக்கொண்டிருந்தார். நல்ல இடத்தில் ஒரு தட்டு, அந்த இடத்தில் ஒரு தட்டு. டிக், தொப். டிக், தொப். பஸ்ஸில் வந்த நேரமெல்லாம் அதைத்தான் செய்திருக்கிறார் போல, பக்கத்தில் நின்ற கண்டக்டரும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்க, அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

“கேக்குதும்மா” என்றார். “விழுந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். தங்க எழுத்தத் தொடச்சுத் தொடச்சுப் பாத்துக்கிட்டேனே ஒழிய, தட்டிப் பாக்கத்தான் பயமா இருந்துச்சி.”